இனிஷியல் ஜி

என் அக்கா மகள் ஜெஸ்லின் ஸ்பெயினுக்குப் படிக்கப் போன கதையைக் கம்பத்தில் ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள். திராட்சைத் தோட்டக்காரர் பிச்சைமணி அண்ணன் வாயால் கேட்டால், அந்த நாட்டுக்காரர்களுக்குத் திராட்சை போடக் கற்றுக்கொடுத்ததே அவர்தான் என்று நினைத்துக்கொள்வீர்கள். அதனால் நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிடுகிறேன். நான் ஜெபஷீலா, ஜெஸ்லினின் சித்தி. கம்பம் பஜாரில் அக்காவோடு சேர்ந்து தோட்டச் சாமான் கடையில் நிற்கிறவள். பந்தல் கம்பி, கட்டுக் கயிறு, கவாத்துக் கத்தரி, மருந்தடிக்கிற டேங்க் எல்லாம் எங்களிடம் கிடைக்கும்.

கடையின் பெயர் குருசாமி ஸ்டோர்ஸ். குருசாமி என் அக்கா புருஷன். ஜெஸ்லினுக்கு ஆறு வயதிருக்கும்போது ஏலக்காய் வியாபாரம் என்று கட்டப்பனைக்கு ஜீப் ஏறிய மனுஷன், அங்கேயே இன்னொரு குடும்பத்தோடு உட்கார்ந்துவிட்டார். மலை ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய்விடுகிற ஊர். பதினாலு வருஷத்தில் ஒரு நாள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். ஆள்தான் போனார், பேர் போகவில்லை. லோடு இறக்குகிறவர்களுக்கு இது குருசாமி கடை. வீட்டுக்கு வருகிற கல்யாணப் பத்திரிகையில் எல்லாம் குருசாமி குடும்பத்தார். கடையைத் தூக்கி நிறுத்திய என் அக்காவுக்குக் குருசாமி வீட்டம்மா என்று பேர். அவளுடைய சொந்தப் பெயர் ஞானபாக்கியம் என்பது பஜாரில் பாதிப் பேருக்குத் தெரியாது.

ஜெஸ்லின் கோயம்புத்தூரில் தோட்டக்கலை படிக்கிறாள். மூன்றாம் வருஷத்தில் ஒரு செமஸ்டர் ஸ்பெயினில் படிக்க அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊர் பெயரை நான் சொன்னால் அவள் சிரிப்பாள், என் வாயில் அது சரியாக வருவதில்லை. தெற்கே, கடலுக்குப் பக்கத்தில், திராட்சை விளைகிற ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் வந்த அன்று அக்கா கை கால் ஓடாமல், கயிறு கேட்டவருக்குக் கம்பியை நிறுத்துக் கொடுத்தனுப்பினாள். நான் பழைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரு கடை விடாமல் சொல்லிவிட்டு வந்தேன்.

பாஸ்போர்ட்டுக்கு எழுதத் தேனிக்கு நானும் கூடப் போயிருந்தேன். கம்ப்யூட்டர் சென்டர் பையன், குடும்பப் பெயர் என்ற இடத்தில் எல்லாரும் அப்பா பேரைத்தான் போடுவார்கள் என்றான். ஜெஸ்லின் காலியாக விடச் சொன்னாள். அதுவும் செல்லும் என்பதால் பாஸ்போர்ட்டில் வெறும் ஜெஸ்லின் என்று அச்சானது. எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

ஆனால் ஸ்பெயின்காரர்களுடைய விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கமே திறக்கவில்லை. நம் ஆட்கள் என்ன செய்வார்களோ அதைத்தான் அவளும் செய்தாள். பள்ளிக்கூடத்தில் இருந்து முன்னால் ஒட்டிக்கொண்டு வருகிற இனிஷியலைத் தட்டிவிட்டாள். ஜி. ஒற்றை எழுத்து. கம்ப்யூட்டரும் வாங்கிக்கொண்டது. அந்த எழுத்து என்ன பாடு படுத்தப்போகிறது என்று யாருக்குத் தெரியும்.

பிப்ரவரி முதல் வாரம் போய் இறங்கினாள். அடேயப்பா, அந்த முதல் நாலு நாள் போனை நாங்கள் கீழே வைக்கவில்லை. இங்கே கடை சுறுசுறுப்பாக இருக்கிற மத்தியான நேரம் அவளுக்குக் காலை. அவர்கள் எழுத்தில் ஜே வந்தால் ‘ஹ’ என்று சொல்ல வேண்டுமாம். அதனால் பெண்ணின் பேர் ஹெஸ்லின் ஆகிவிட்டது. அக்கா, யாரையோ கூப்பிடுகிறார்களே என்று பயந்துபோனாள். அறிமுகமானதும் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுக்கிறார்கள், கிழவி முதல் வாத்தியார் வரைக்கும். மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்கு, ராத்திரிச் சாப்பாடு பத்து மணிக்கு. மேசைக்கு அங்கேயும் மேசா, துவாலைக்குத் துவாயா. இதைச் சொல்லும்போது ஜெஸ்லின் கட்டிலில் எழுந்து நின்று குதித்தாள். இங்கிலீஷ் பேசச் சொன்னால் கோயம்புத்தூரில் நாக்கு ஒட்டிக்கொள்கிற பிள்ளை, எழுதுகிறபடியே வாசிக்கிற பாஷை கிடைத்ததும் கடை வாசலில் பேரம் பேசுகிற மாதிரிப் பேசத் தொடங்கிவிட்டாள். ‘ற’வை அவள் சொல்கிற அழகைப் பார்த்து, நீ எந்தக் கிராமத்துப் பெண் என்று பஸ் டிரைவர் கேட்டாராம்.

அஞ்சாம் நாள் விழுந்தது இடி. காலேஜ் பதிவு அலுவலகத்தில் அவள் பெயர் ஏறவில்லை.

அங்கே இருந்த அம்மாவின் பெயர் மாரி கார்மென். இதைக் கேட்டதும், கம்பி வாங்க வந்திருந்த பிச்சைமணி அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அங்கயும் மாரி இருக்காளா என்று கேட்டார். இருந்தாள். வரம் கொடுக்கிற மாரியாக இல்லை. விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் ஜி என்று இருக்கிறது, பாஸ்போர்ட்டில் ஒன்றுமே இல்லை, ஜி என்பது ஒரு எழுத்து, எழுத்து எப்படிக் குடும்பமாகும் என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ஒரு முழு அப்பனை ஒரே எழுத்தில் மடித்து முன்னால் செருகிக்கொள்வோம் என்று ஜெஸ்லின் விளக்கியிருக்கிறாள். சரி, அதை விரித்து எழுதிக் கொடு, அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குள் பெயர் ஏறாவிட்டால் உன் இடம் ரத்து என்று சொல்லிவிட்டாள் மாரி கார்மென். இடம் ரத்தென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். செமஸ்டரும் போச்சு, அந்த வருஷமும் போச்சு.

விரித்தால் குருசாமி. ஒரு நிமிஷ வேலை. அக்கா அதைத்தான் சொன்னாள், எழுதிவிட்டுப் போ, பேர்தானே, படிப்புதான் முக்கியம் என்று. போனில் ஜெஸ்லினின் முகம் இறுகிவிட்டது.

“மாட்டேம்மா. நான் இங்கன ராப்பகலாப் படிச்சு, அந்த ஆளு பேருல சர்டிபிகேட் வாங்கவா? அதுக்கு நான் திரும்பி வந்துருறேன்.”

அக்கா போனை என் கையில் கொடுத்துவிட்டுக் கயிறு வெட்டப் போய்விட்டாள். நான் என்ன செய்ய? பெரியவளாக லட்சணமாகப் புத்தி சொல்லியிருக்க வேண்டும். எனக்கோ பிள்ளை சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பாகத் தெரியவில்லை. உன் இஷ்டம் என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று முழுக்க அக்கா என்னோடு பேசவில்லை.

திங்கள் போனது, செவ்வாய் போனது. பெயர் ஏறாமலே வகுப்பில் ஓரமாக உட்கார விட்டார்கள். அவள் குரலில் துள்ளல் நின்றுவிட்டது. தோட்டத்துக்குக் கூட்டிப்போனதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் திரும்பி வந்தது. அங்கேயும் நம்மைப் போலவே பந்தலில்தான் திராட்சை. ஆனால் ஒரு இலை இல்லை, குளிருக்குக் கொடி தூங்குகிறதாம். வீடியோவில் அந்தப் பந்தலைப் பார்த்த அக்கா, மகள் மேல் இருந்த கோபத்தையும் மறந்து, நல்ல கம்பி போட்டிருக்காக, இழுத்துக் கட்டத்தான் தெரியல என்றாள்.

புதன்கிழமை மாரி கார்மெனே ஜெஸ்லினைக் கூப்பிட்டு அனுப்பினாள். பாஸ்போர்ட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். அங்கே அப்பா பேர் குருசாமி, அம்மா பேர் ஞானபாக்கியம் என்று இருக்கிறதல்லவா, அதில் ஒரு விரலும் இதில் ஒரு விரலும் வைத்தாள். இங்கிலீஷில் இரண்டுமே ஜியில்தான் தொடங்குகிறது. அவர்கள் ஊரில் எல்லாருக்கும் இரண்டு குடும்பப் பெயர், ஒன்று அப்பாவுடையது, ஒன்று அம்மாவுடையது. கல்யாணமானாலும் பொம்பளை பேர் மாறுவதில்லை. வெளிநாட்டுக்காரர்கள் இரண்டில் ஒன்றைக் காலியாக விட்டுக்கொள்ளலாம். அதனால் அவளுக்கு ஒரே ஒரு கேள்விதான். இந்த ஜி இவர்களில் யார்?

இருபது வருஷத்தில் எங்கள் பெண்ணிடம் யாருமே கேட்காத கேள்வி. நம் ஊரில் எவன் கேட்பான்? இனிஷியல் என்றால் அப்பன் என்று எழுதாத சட்டம். ஜெஸ்லின் அம்மா பேரின் மேல் விரலை வைத்தாள். மாரி கார்மென் அதை வாசிக்கப் பார்த்தாள். குனானா என்று தடுக்கினாள். அப்படி இல்லை, உங்கள் பாஷையில் ‘என்’ என்கிற எழுத்துக்கு மேலே ஒரு நெளிவு போட்டு ஞ என்று சொல்வீர்களே, அதுதான் என்று ஜெஸ்லின் சொன்னதும் அந்த அம்மா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாளாம். அந்த எழுத்து உலகத்திலேயே தங்களிடம்தான் இருக்கிறது என்று அவர்களுக்கு ஒரு பெருமை. எங்க அம்மா பேருல மொத எழுத்தே அதுதான் என்றிருக்கிறாள் இவள். பென்சிலால் ஓரத்தில் அந்த நெளிவு போட்டு, ஞானாபாக்கியாம், ஞானாபாக்கியாம் என்று மூன்று தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள் மாரி.

எல்லாம் சரி, அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளச் சம்மதம் என்று அம்மா ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள்.

போனில் ஜெஸ்லின் மூச்சிரைக்க இதைச் சொல்லி முடித்தபோது நான் கடைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். அக்கா உட்கார்ந்த இடத்தில் அப்படியே இருந்தாள். அவளுக்குச் சந்தோஷம் இல்லை, பயம். ஊர் என்ன சொல்லும், புருஷன் பேரை எடுத்துவிட்டு இவள் பேரைப் போட்டுக்கொண்டாள் என்று பேச மாட்டார்களா, நாளைக்குக் கல்யாணம் பேசும்போது கேட்க மாட்டார்களா. எனக்கு வந்த கோபத்தில், பேசுகிறவன் வீட்டில் போய்ச் சோறு கேட்டோமா என்று கத்திவிட்டேன்.

“எம் பேரு எதுக்கு ஆத்தா ஆகும்,” என்றாள் அக்கா போனில், ரொம்ப மெல்ல. “அத எங்கயும் போட்டதில்லையே.”

“போட்டிருக்கியேம்மா. என் ரேங்க் கார்டு அம்புட்டுலயும் நீதான கையெழுத்துப் போட்ட. அந்தப் பேரத்தான் கேக்குறேன்.”

அக்கா கல்லாப்பெட்டியைத் திறந்து பேனாவை எடுத்தாள். பிறகு என்னைப் பார்த்து, போய் டைப் அடித்துக்கொண்டு வா என்றாள்.

ஓடினேன். டைப் அடித்து வந்தேன், அக்கா கையெழுத்துப் போட்டாள், படம் பிடித்து வியாழக்கிழமையே அனுப்பிவிட்டோம். நான் தேங்காய் பன் வாங்கி வந்து கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்குப் போன். அங்கே மத்தியானம் பன்னிரண்டு. ஜெஸ்லின் அழுகிற குரலில், சித்தி, கடுதாசியில் என்ன எழுதினாய் என்றாள். எடுத்துப் பார்த்தேன். கீழே ஜி. ஞானபாக்கியம் என்று நானே அடித்திருக்கிறேன். அதன் மேலே அக்கா தமிழில் கு. ஞானபாக்கியம் என்று அழகாகப் போட்டிருக்கிறாள். பதினாலு வருஷமாக வராத மனுஷன் அந்த ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டு ஸ்பெயினுக்கே வந்துவிட்டார். மாரி கார்மென் கடிதத்தைப் பார்த்துவிட்டுக் குழம்பிப்போய்விட்டாள். ஞானபாக்கியத்துக்கு முன்னாலேயே ஒரு ஜி நிற்கிறதென்றால், ஜி என்பது ஞானபாக்கியம் இல்லையே, வேறு யாரோதானே என்று கேட்டிருக்கிறாள். இரண்டு மணிக்கு அலுவலகம் மூடிவிடும்.

என் தலையில் நானே அடித்துக்கொண்டு ஓடினேன். டைப் அடித்த சென்டரில் கரண்ட் இல்லை. அடுத்த தெருவில் இருக்கிற சென்டருக்கு ஓடி, வரிசையில் நின்ற மூன்று பேரைக் கெஞ்சி முன்னால் போய், அந்த ஜியை எடுத்துவிட்டு அடித்து வந்தேன். அதற்குள் ஐந்தரை ஆகிவிட்டது. அக்கா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு காகிதத்தைத் தொடாமல் இருந்தாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் கு இல்லாமல் அவள் எங்கேயும் கையெழுத்துப் போட்டதில்லை. கை தானாக அங்கே போகிறதாம். முதல் காகிதத்தில் கு வந்துவிட்டது. நல்லவேளை, புத்தி வந்து இரண்டு எடுத்து வந்திருந்தேன். பிச்சைமணி அண்ணன் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஞா-ல இருந்து ஆரம்பிங்க,” என்றார். “முன்னாடி ஒண்ணும் இல்லைன்னு நெனச்சுக்கங்க.”

அக்கா இரண்டாவது காகிதத்தை எடுத்து, கு வருகிற இடத்தை ஒரு விரலால் மூடிக்கொண்டு, ஞா என்று தொடங்கி மெதுவாக எழுதி முடித்தாள். நான் உடனே படம் பிடித்து அனுப்பினேன். ஆறே கால் மணிக்கு ஜெஸ்லினிடம் இருந்து ஒரு படம் வந்தது. புது அடையாள அட்டை. மேலே ஜெஸ்லின், கீழே ஞானபாக்கியம். அக்காவிடம் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பார்த்தாள். பிறகு கடைக்கு வந்தவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டாள், ஆனால் அவர் சொன்னது அவள் காதில் ஏறவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் பெண்ணைப் பிடிக்க முடியவில்லை. அங்கே வாத்தியார்கள் வருகைப் பதிவு எடுக்கும்போது குடும்பப் பெயரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். ஒரு நாளைக்கு நாலு தரம் ஞானாபாக்கியாம். கூடப் படிக்கிற பிள்ளைகள் சுருக்கி ஞானா என்றார்கள். ஒரு நாள் வகுப்பில், எங்கள் ஊரில் இரண்டு வருஷத்துக்கு அஞ்சு தரம் திராட்சை வெட்டுவோம் என்று சொல்லியிருக்கிறாள். வருஷத்துக்கு ஒரு தரம் காய்க்கிற ஊர்க்காரர்கள் நம்புவார்களா? பொய் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். மறுநாள் மத்தியானம் பிச்சைமணி அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தன் தோட்டத்துப் பந்தலுக்கு அடியில் நிற்கிறார், நான் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அங்கே திரையில் முப்பது பிள்ளைகள். பழுத்த பன்னீர்த் திராட்சைக் குலையைப் போனுக்கு நேரே பிடித்து, அடுத்த வரிசையில் பூ விட்டிருப்பதையும் காட்டினார். அந்தப் பக்கம் ஒரே கூச்சல், கைதட்டல். அண்ணன் ஓலா ஓலா என்று வணக்கம் சொன்னதைப் பார்த்துப் பக்கத்துத் தோட்டத்துக்காரர், எந்த டாக்சியைக் கூப்பிடுகிறார் என்று கேட்டார்.

அதைவிடப் பெரிதாக ஒன்று நடந்தது. அந்த வாத்தியார் ஏதோ கேட்பதற்கு ஞானாபாக்கியாம் என்று கூப்பிட, ஜெஸ்லின் எழுந்து பதில் சொன்னாள். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். தோட்டத்தில் இருந்து நேரே கடைக்கு வண்டியை விட்டார். “ஒங்க பேரச் சொல்லித்தான் அங்கன கூப்புடுறாக. என் காதால கேட்டேன்,” என்று அக்காவிடம் சொன்னார். அடுத்த வாரம் கயிறு கேட்க வந்தபோது குருசாமி வீட்டம்மா என்று தொடங்கிப் பாதியில் நிறுத்தி, ஞானபாக்கியம்மா என்று கூப்பிட்டார். அக்கா காதில் விழாத மாதிரி கயிற்றை அளந்தாள். அளவு ஒரு முழம் கூடுதலாகவே இருந்தது.

ஜூன் கடைசியில் செமஸ்டர் முடிந்து, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் கொடுக்கிற விழா. எல்லாப் பாடத்திலும் ஜெஸ்லின் நல்ல மார்க். அங்கே மத்தியானம் பன்னிரண்டு, இங்கே மூன்றரை. போனை ஒரு டேங்கின் மேல் சாய்த்து வைத்தோம். பிச்சைமணி அண்ணன் வந்திருந்தார், பக்கத்துக் கடைக்காரர்கள் நாலு பேர் இருந்தார்கள். பிரேசில், மொராக்கோ என்று எந்தெந்த நாட்டுப் பிள்ளைகளோ ஏறி இறங்கினார்கள். அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒருவர் அவசரமாகக் கம்பி கேட்டதால் உள்ளே போய்த் தராசுக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்தாள்.

அப்போது மைக்கில் ஒரு குரல் அடுத்த பெயரை வாசித்தது. ஞானாபாக்கியாம், ஹெஸ்லின். இந்தியா.

“உள்ளேன் ஐயா.”

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். அக்கா கம்பிச் சுருளைக் கீழே போட்டுவிட்டு விறைப்பாக எழுந்து நின்றுகொண்டிருந்தாள். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டவள். அதற்குப் பிறகு ஒரு கூட்டத்துக்கு நடுவில் அந்தப் பெயரைச் சத்தமாக யாரும் கூப்பிட்டதில்லை. என்ன சொன்னோம் என்று அவளுக்கே பிறகுதான் உறைத்தது, முகம் சிவந்துவிட்டது. கடையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஜெஸ்லின் மேடை ஏறி, தாளை வாங்கி, இறங்கிப் போகிற வரைக்கும் அக்கா உட்காரவே இல்லை.